சௌத்தாம்ப்டன் நகரத்து ஈயச் சிப்பாய்கள்

இங்கிலாந்தின் தென்கரையிலே, பெரும் பிரயாணக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகமாகப் பெயர் பெற்ற சௌத்தாம்ப்டன் நகரத்தில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், பகலெல்லாம் கால்பந்தாட்டக்காரர்களின் பிசகிய முழங்காலையும் சுளுக்கிய கணுக்காலையும் நீவிச் சீர்படுத்தும் தொழிலைச் செய்துவிட்டு, மாலையானதும் ஈயத்தில் வார்த்த சிறு சிப்பாய்களை மேசைமேல் அணிவகுத்து நிறுத்திப் பழைய யுத்தங்களை மறுபடியும் நடத்திப் பார்ப்பதில் தம்மை மறந்திருந்த ஒருவர் வாழ்ந்தார். டொனால்ட் ஃபெதர்ஸ்டன் என்பது அவர் பெயர். 1918-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்து, 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி, 95 பிராயம் நிறைந்து காலமான அவரை, சிறுபொம்மைப் போர்விளையாட்டு என்ற பொழுதுபோக்கில் பற்றுள்ளவர்கள் இன்று ஒரு குலமுதல்வரை நினைப்பதுபோல நினைக்கிறார்கள்.

அந்த விளையாட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே பெரிய எழுத்தாளர்களும், அரசகுமாரர்களும், படைத்தலைவர்களும் அதை ஆடியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு ஒருவராக, ஊருக்கு ஒருவராக, பிறர் அறிந்தால் நகைப்பார்களோ என்ற கூச்சத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு ஆடியவர்களை ஒருவரையொருவர் அறியச் செய்து, அவர்களை ஒரு சமூகமாக ஆக்கிய உபகாரம் ஃபெதர்ஸ்டனுடையது. ஒரு கலையைத் தொடங்கியவரைக் காட்டிலும், அந்தக் கலையில் ஈடுபட்டோருக்கு ‘நாம் தனியாக இல்லை’ என்ற தைரியத்தை அளித்தவரே பெரியவர் என்பது என் எண்ணம். ஃபெதர்ஸ்டனுடைய சரித்திரத்தைப் படிக்கும்போது அந்த எண்ணம் உறுதிப்படுகிறது.

இந்த விளையாட்டைக் கண்டறியாத வாசகர்களுக்கு அதன் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு பெரிய மேசை. அதன்மேல் குன்றுகள், தோப்புகள், ஆறு, பாலம், நாலைந்து வீடுகள் கொண்ட ஒரு கிராமம் எல்லாம் அட்டையாலும் கட்டையாலும் செய்து வைக்கப்பட்டிருக்கும். இரு பக்கத்திலும் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ உயரமுள்ள சிப்பாய்கள், அவரவர் காலத்துச் சீருடையின் நிறம் ஒரு பொத்தான் தவறாமல் தீட்டப்பட்டு, காலாள் காலாளாகவும் குதிரை குதிரையாகவும் நிற்கும். ஆடுவோர் முறைவைத்துத் தம் படையை நகர்த்துவார்கள். காலாட்படை இத்தனை அங்குலம், குதிரைப்படை அதனினும் கூடுதலாக இத்தனை அங்குலம் என்று அளவுகோலால் அளந்துதான் நகர்த்த வேண்டும். துப்பாக்கிப் பிரயோகத்தின் பலனையும், கைகலப்பின் முடிவையும், அஞ்சிய படை நின்று போரிடுமா புறமுதுகிடுமா என்பதையும் பகடை தீர்மானிக்கும். சேனாபதியின் யுக்தி பாதி, விதியின் விளையாட்டு பாதி. உண்மையான யுத்தத்திலும் அதுதானே நிலைமை?

இதன் பூர்விகத்தைத் தேடிப் போனால் நம் நாட்டிலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம், பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. அங்கே 1780-ஆம் ஆண்டில், பிரன்ஸ்விக் அரசவையைச் சேர்ந்த ஹெல்விக் என்ற கணித ஆசிரியர், சதுரங்கத்தின் அறுபத்து நான்கு கட்டங்கள் மெய்யான போர்க்களத்தைக் காட்டப் போதா என்று எண்ணி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட ஒரு பெரிய பலகையை அமைத்தார். கட்டங்களுக்கு வெவ்வேறு நிறம் தந்து மலை, சதுப்பு, நீர்நிலை என்று நிலத்தின் வேற்றுமையையும் அதில் காட்டினார். இளம் பிரபுக்களுக்குப் போர்க்கலையின் பாலபாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம்.

அடுத்த படி பிரஷ்ய நாட்டில் எடுத்து வைக்கப்பட்டது. ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, கட்டங்களையே நீக்கிவிட்டு, நிலத்தின் மேடுபள்ளங்களைச் சிறு துண்டுகளாகச் செய்து எப்படி வேண்டுமானாலும் சேர்த்து வைக்கும்படியான ஓர் அழகிய மேசையைப் பண்ணி, 1812-ஆம் ஆண்டில் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்குச் சமர்ப்பித்தார். அரசகுடும்பத்தார் அதில் மிகவும் ஈடுபட்டிருந்தனர். அவருடைய மகன், பீரங்கிப்படையில் அதிகாரியாக இருந்த இளைய ரைஸ்விட்ஸ், தகப்பனாரின் மேசையை விட்டு மெய்யான தேசப்படத்தின்மேல் விளையாட்டை அமைத்தார். எண்ணாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுள்ள படம், ஒரு நகர்வுக்கு இரண்டு நிமிஷம் என்ற காலக்கணக்கு, நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் ஒரு மத்தியஸ்தர், சேதத்தைக் கணக்கிடப் பகடை என்று 1824-இல் அது செம்மையான வடிவம் பெற்றது. பிரஷ்யப் படையின் தலைமை அலுவலர் குழுவுக்குத் தலைவரான மூஃப்ளிங் முதலில் அசிரத்தையோடு பார்க்க வந்தவர் என்றும், ஆட்டம் வளர வளர உற்சாகம் மிகுந்து, இது விளையாட்டல்ல, யுத்தப் பயிற்சியே என்று வியந்து, படை முழுவதற்கும் சிபாரிசு செய்தார் என்றும் சொல்வர். இத்தனை கௌரவம் பெற்ற அந்த இளைஞர், பதவி விஷயத்தில் மனம் நொந்து, 1827-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பது இந்தச் சரித்திரத்திலே படிக்கப் பொறுக்காத ஒரு பக்கம். அவர் விட்டுச் சென்ற பயிற்சிமுறையோ நிலைத்தது. 1870-ஆம் ஆண்டில் தொடங்கிய யுத்தத்தில் பிரஷ்யா பிரான்ஸை வென்றபிறகு, மற்ற வல்லரசுகளும் அதைப் பயிலத் தொடங்கின.

இது அரண்மனையிலும் பாசறையிலும் ஓடிய கிளை. வீட்டிலே, குழந்தைகளின் தரையிலே ஓடிய கிளை வேறு. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வெள்ளீயத்தில் தகடுபோன்ற தட்டைச் சிப்பாய்களை வார்த்து விற்றார்கள். 1826-ஆம் ஆண்டில் ஹவர்த் கிராமத்துப் பாதிரியாரான பாட்ரிக் பிராண்டி, லீட்ஸ் நகரத்திலிருந்து திரும்பும்போது மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அந்தப் பன்னிரண்டு பொம்மைகளுக்கும் பெயரிட்டு, நாடு கொடுத்து, அந்த நாட்டுக்குச் சரித்திரமும் பத்திரிகையும் எழுதிப் பழகிய குழந்தைகளில் ஷார்லட், எமிலி, ஆன் என்ற மூவரும் பின்னாளில் ஆங்கில நாவலுலகில் அழியாப் புகழ் எய்தினர். ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனும், நோய் தணிவதற்காக ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்த பனிக்காலங்களில், பரண்தளத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் சாலையும் ஆறும் வரைந்து, வளர்ப்பு மகனோடு ஈயச் சிப்பாய் யுத்தம் நடத்தி, அந்தக் கற்பனைப் போருக்குப் பத்திரிகைச் செய்திகளையும் தாமே எழுதினார். பொம்மைச் சிப்பாய்க்கும் கதை சொல்லும் மனத்துக்கும் ஏதோ ஒரு நெருங்கிய உறவு உண்டு. பின்னே அதை மீண்டும் காண்போம்.

1893-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துப் பொம்மைத் தொழிலாளரான வில்லியம் பிரிட்டன் ஒரு புதுவகை வார்ப்பைக் கண்டார். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்து நடுப்பகுதி உறையாமல் இருக்கும் அந்தக் கணத்திலே அச்சைக் கவிழ்த்து உள்ளிருக்கும் ஈயத்தை வெளியே கொட்டிவிட்டால், மெல்லிய ஓடாக, உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் மலிவு. ஜெர்மன் பொம்மைகள் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமே எட்டிய நிலை மாறி, சாதாரணக் குடும்பத்துச் சிறுவன் கையிலும் ஒரு படை வந்து சேர்ந்தது. இத்தகைய சிறு தொழில்நுட்பங்களைச் சரித்திர ஆசிரியர்கள் பொதுவாகக் கவனிப்பதில்லை. ஆனால் அந்தக் கூடான ஈயப் பொம்மை இல்லாவிட்டால் நாம் பேசும் விளையாட்டு மக்கள் விளையாட்டாக ஆகியிருக்கவே முடியாது.

அந்த மலிவான படையைக் கொண்டுதான் எச். ஜி. வெல்ஸ் விளையாடினார். கால யந்திரத்தையும் செவ்வாய்க் கிரகத்தாரின் படையெடுப்பையும் கற்பனை செய்த அந்தப் பெரிய எழுத்தாளர், சாண்ட்கேட் என்ற கடற்கரை ஊரில் வசித்த நாளில், மதிய போஜனத்துக்குப் பிறகு ஒரு நண்பர் பொம்மைப் பீரங்கியின் முன்னே ஒரு சிப்பாயை நிறுத்திக் குறிபார்த்துச் சுட, மற்றவர்களும் போட்டியிட, அதிலிருந்து ஒரு முழு விளையாட்டே கிளைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த நண்பர் நகைச்சுவை எழுத்தாளரான ஜெரோம் கே. ஜெரோம் என்பர். கலைக்களஞ்சியத்தின் கனத்த தொகுதிகளே குன்றுகளாயின. வில்விசையால் சிறு மரக்கட்டையைச் செலுத்தும் பீரங்கியின் குண்டு பட்டு விழுந்த சிப்பாய் இறந்தவன். காலாள் நகர்வதற்கு ஓர் அடி, குதிரை நகர்வதற்கு இரண்டு அடி. இந்த விதிகளையெல்லாம் தொகுத்து 1913-இல் ‘சின்னப் போர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். அந்நூலின் இறுதியில், சிறு பொம்மைகளை நகர்த்தும்போதே இத்தனை குழப்பமும் தவறும் நேருமானால் மெய்யான யுத்தம் எவ்வளவு மூடத்தனமானது என்று எண்ணிப் பாருங்கள் என்ற கருத்தை அழுத்தமாகச் சொன்னார். மறு ஆண்டிலேயே ஐரோப்பா முழுவதும் பற்றி எரிந்தது.

அந்த மகாயுத்தத்துக்குப் பிறகு இந்த விளையாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று என்று சொல்லலாம். முற்றும் அழியவில்லை, பொம்மை சேகரிப்போரின் சங்கங்கள் சில இருந்தன, சினிமா நடிகரான பீட்டர் குஷிங், தம் வீட்டில் வெல்ஸின் விதிப்படி படைகளை நிறுத்தி ஆடும் காட்சியை 1956-இல் ஒரு செய்திப்படம் காட்டியது. ஆனால் சேகரிப்பவர் வேறு, ஆடுபவர் வேறு. கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்கள், அந்த அருமையான பொம்மைகளை மேசைமேல் தள்ளி விளையாடுவதைச் சிறுபிள்ளைத்தனமாகக் கருதினர். ஆட விரும்பியவனோ தனக்கு எதிரே உட்கார ஒருவரும் இன்றி, இடக்கையும் வலக்கையும் போரிடுவதுபோலத் தானே இரு பக்கமும் ஆடினான்.

இந்தத் தனிமையைக் கலைக்கும் முதல் முயற்சி அமெரிக்காவிலே நடந்தது. கலிபோர்னியாவின் வைசேலியா என்ற ஊரில் சிப்பாய்களை வார்த்து விற்ற ஜாக் ஸ்க்ரூபி, 1957-இல் இந்த விளையாட்டுக்கென்றே ஒரு காலாண்டுப் பத்திரிகையை ஆரம்பித்தார். அதன் வாயிலாகக் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் சிதறிக் கிடந்த சிலர் ஒருவர் முகவரியை மற்றவர் அறிந்தனர். அவர்களில் ஒருவர் ஃபெதர்ஸ்டன்.

அவர் அப்போது நாற்பதை நெருங்கிய மனிதர். இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் சேவை புரிந்தவர். இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு எதிரியின் குண்டை எதிர்நோக்கி நகர்வது எப்படிப்பட்டது என்பதைப் புத்தகத்தில் படித்து அறியாமல் உடம்பால் அறிந்தவர். யுத்தம் முடிந்தபின் உடலியக்கச் சிகிச்சைத் தொழிலை மேற்கொண்டு, சௌத்தாம்ப்டன் கால்பந்துக் கழகத்து ஆட்டக்காரர்களுக்குச் சிகிச்சை செய்தார். விளையாட்டில் ஏற்படும் காயங்களைப் பற்றியும், நடனமாடுவோர் காயமின்றி ஆடுவதைப் பற்றியும் கூடப் புத்தகங்கள் எழுதினார். சிறுவயதில் ஈயச் சிப்பாய்களோடு விளையாடிய ஆசை மட்டும் அவரை விடவில்லை.

அவருக்கு வாய்த்த பெரிய பாக்கியம் டோனி பாத் என்ற நண்பர். கிரேக்க, ரோமானியக் காலத்துப் படைகளில் ஈடுபாடுகொண்ட பாத், ஜெர்மானியத் தட்டைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடியவர். விதிகளை அமைப்பதில் வல்லவர். இவ்விருவரும் சேர்ந்து, ஸ்க்ரூபியின் பத்திரிகையின் சில இதழ்களை 1960 முதல் இங்கிலாந்திலிருந்து தயாரித்தார்கள். 1961-இல் சௌத்தாம்ப்டனில் ஃபெதர்ஸ்டன் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பிரிட்டனில் இந்த விளையாட்டுக்காக நடந்த முதல் மாநாடு அது. கடிதத்திலே மட்டும் ஒருவரையொருவர் அறிந்திருந்தவர்கள் நேரிலே சந்தித்தனர். பல வருஷங்களாகத் தனக்கு மட்டுமே உள்ள விசித்திரப் பழக்கம் என்று நினைத்திருந்தவன், ஒரு மண்டபம் நிறைய அதே பழக்கமுள்ளவர்களைக் காணும்போது அவன் நெஞ்சு எப்படி நிறைந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மறு ஆண்டு, 1962-இல், ‘போர் விளையாட்டுகள்’ என்று பொருள்படும், இந்த விளையாட்டைப் பற்றிய அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அதை வாசிக்கும்போது முதலில் மனத்தைக் கவர்வது அதன் தோழமை. எங்கே சிப்பாய் வாங்குவது, எப்படி வண்ணம் பூசுவது, மேசையில்லாதவன் என்ன செய்வது, குன்றை எதனால் செய்வது என்று அடுத்த வீட்டுக்காரர் வேலியருகே நின்று சொல்வதுபோல ஒன்றும் மறைக்காமல் சொல்கிறார். பழங்காலப் போருக்கு டோனி பாத் வகுத்த விதிகளையும், நவீன யுத்தத்துக்கு லயனல் டார் என்பவர் வகுத்த விதிகளையும் அவரவர் பெயரோடு தந்து, நண்பர்களின் உழைப்பைத் தம் உழைப்பாக்கிக்கொள்ளாத பெருந்தன்மை அந்நூலில் துலங்குகிறது. விதியைச் சொன்னதோடு நில்லாமல், டிரிம்ஸோஸ் என்னுமிடத்தில் நடந்ததாகக் கற்பித்த ஒரு புராதன யுத்தத்தையும், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிளாட்வில் பள்ளத்தாக்கிலே நடந்ததாகக் கற்பித்த ஒரு சண்டையையும் நகர்வு நகர்வாக வருணிக்கிறார். விதிகளை மட்டும் படித்துத் தயங்குகிறவனும் இவற்றைப் படித்தால் உடனே மேசையைத் துடைக்கப் புறப்படுவான்.

அந்த விதிகளில் இரண்டு கருத்துகள் குறிப்பிடத் தக்கவை. ஒன்று, கவசத்தைப் பற்றியது: அடிபட்ட வீரன் உடனே இறந்தான் என்று கொள்ளாமல், அவன் அணிந்த கவசம் அவனைக் காத்ததா என்று அறிய மறுபடியும் ஒரு பகடை உருட்டப்படும். பாத் புகுத்திய இந்த ‘உயிர்காக்கும் பகடை’ இன்று உலகெங்கும் எண்ணற்ற விளையாட்டுகளில் வழங்குகிறது. மற்றொன்று மனவுறுதியைப் பற்றியது. வெல்ஸின் சிப்பாய்கள் கடைசி ஆள் விழும்வரை நின்று போரிட்டார்கள். அவர்களுக்கு அச்சமென்பது இல்லை. ஃபெதர்ஸ்டனுடைய மேசையிலோ, சேதம் மிகுந்த படை கலங்கும், பின்வாங்கும், சில வேளை ஓடியே போகும். யுத்தத்தைக் கண்டவர் எழுதிய விதி அது. மனிதன் எந்த அளவு தாங்குவான், எந்த இடத்தில் உடைவான் என்பதே போரின் மர்மம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எதிரிக்குத் தெரியாமல் படைகளை நகர்த்துவதற்கு அவர் நூல்களில் சொல்லப்பட்ட ஒரு யுக்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. தேசப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக வெறும் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால், சிறு சிறு இழுப்பறைகள் கொண்ட ஒரு பேழை கிடைக்கிறது. ஒவ்வொரு படைக்கும் ஒரு துண்டுக் காகிதம். படை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பெட்டிக்குள் துண்டு கிடக்கும். இரு பக்கத்துத் துண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்த அன்று, அந்த இடத்தின் நிலத்தோற்றத்தை மேசையில் அமைத்து யுத்தம் நடத்தலாம். காசு செலவில்லாமல், வீட்டில் எறியும் பொருளைக் கொண்டு, ஒரு கண்டம் முழுவதையும் அலமாரிக்குள் அடக்கிவிடும் இந்த யோசனையிலே அந்தக் காலத்து மனிதர்களின் எளிமையும் சாமர்த்தியமும் ஒருங்கே தெரிகின்றன.

நூல் வெளிவந்த வேளையும் அனுகூலமாக அமைந்தது. 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தார் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக மிகக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தனர்; ஈயப் பொம்மைகளின் காலமோ முடிந்துகொண்டிருந்தது; குழந்தைகளுக்கு ஈயம் தீங்கு என்ற விதிகளால் 1966-இல் வில்லியம் பிரிட்டனின் நிறுவனமே ஈய வார்ப்பை நிறுத்திவிட்டது. ஃபெதர்ஸ்டன் புதிய பிளாஸ்டிக்கை வெறுக்கவில்லை. ஒரு பொம்மையின் தலையை வெட்டி மற்றொன்றில் ஒட்டி, தொப்பியை மாற்றி, விற்பனைக்கு இல்லாத படைகளைத் தாமே படைத்துக்கொள்ளும் வழியை வாசகருக்குக் கற்பித்தார். பிரிட்டனின் ஊர்ப் பொது நூலகங்களில் அவர் நூல்கள் இடம்பெற்றன. வாரக் கைச்செலவுக் காசில் ஒரு பெட்டிச் சிப்பாய் வாங்கிய பையன், நூலகத்திலிருந்து ஃபெதர்ஸ்டனை இரவல் வாங்கினான்; திருப்பிக் கொடுக்கும் தேதி வந்ததும் மறுபடியும் தன் பெயரிலேயே பதிந்துகொண்டான். இன்று அறுபதும் எழுபதும் கடந்த ஆட்டக்காரர்கள் பலர் தாம் இவ்வழியே வந்தவர்கள் என்று நன்றியோடு சொல்கிறார்கள்.

அதே 1962-இல் அவருக்கும் ஸ்க்ரூபிக்கும் இடையே பாதை பிரிந்தது. இருவரும் தனித்தனிப் பத்திரிகை கண்டனர். ஃபெதர்ஸ்டன் தொடங்கிய மாதாந்தரச் செய்தி மடல் 1980 வரை, பதினெட்டு வருஷ காலம் இடைவிடாமல் வெளிவந்தது. ஒரு மனிதர், தம் ஜீவனத்துக்கான தொழிலைச் செய்துகொண்டே, மாதந்தோறும் கட்டுரை தேடி, அச்சிட்டு, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டிப் பதினெட்டு வருஷம் ஒரு பத்திரிகையை நடத்துவதென்றால் எவ்வளவு பற்று வேண்டும் என்பதைச் சிற்றிதழ் நடத்தி அறிந்தவர்கள் அறிவார்கள். இடையே நூல்களும் வந்தவண்ணம் இருந்தன: 1965-இல் கடற்போர், 1966-இல் வான்போர், 1970-இல் தொடர் படையெடுப்புகள், 1973-இல் தனியே ஆடுவது, 1975-இல் சிறு மோதல்கள் என்று. யுத்த சரித்திர நூல்களையும் சேர்த்தால் நாற்பதுக்கும் மேல். இவற்றுள் தனியே ஆடுவோருக்கென்று எழுதிய நூலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூட்டத்தைக் கூட்டுவதில் வெற்றி பெற்ற ஒருவர், கூட்டத்துக்கு வர முடியாதவனை மறக்கவில்லை. எதிராளி கிடைக்காத ஊரில் இருப்பவனுக்கு, எதிரியின் தீர்மானங்களைப் பகடையும் சீட்டும் கொண்டு எப்படி உண்டாக்குவது என்று ஒரு முழு நூலே எழுதினார்.

டோனி பாத் வேறு திசையில் சென்றார். 1965-இல் புராதன யுத்தங்களை ஆராய ஒரு சங்கத்தை ஸ்தாபித்த அவர், ஹைபோரியா என்ற கற்பனைக் கண்டத்தை அமைத்தார். ராபர்ட் ஈ. ஹோவர்டின் சாகசக் கதைகளிலிருந்து பெயரையும் பூகோளத்தையும் எடுத்துக்கொண்டு, அரசர், மந்திரி, தளபதி ஒவ்வொருவருக்கும் குணத்தையும் ஆசையையும் வகுத்து, பல வருஷம் தொடர்ந்து அந்த உலகத்தை நடத்தினார். பிராண்டி குழந்தைகள் பன்னிரண்டு மரச் சிப்பாய்களிலிருந்து கண்ட கற்பனை நாட்டுக்கும் இதற்கும் வெகுதூரம் இல்லை. மத்தியகாலப் போருக்கு பாத் எழுதிய விதிகள் அமெரிக்காவுக்குச் சென்றன; அங்கே 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் வெளியிட்ட விதிநூலில் அவற்றின் சாயல் படிந்தது; அந்த விதிநூலிலிருந்து 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெரும்புகழ் விளையாட்டு பிறந்தது. இன்று கணிப்பொறித் திரையில் வாளும் கவசமும் ஏந்தி ஆடும் இளைஞர்கள், தங்கள் விளையாட்டின் வேர் ஆங்கிலத் துறைமுக நகரம் ஒன்றில் இரு நண்பர்கள் கூடிய மேசைவரை செல்கிறது என்பதை அறிய மாட்டார்கள்.

எழுபதுகளில் விளையாட்டின் போக்கு மாறிற்று. சரித்திர ஆராய்ச்சி நுட்பமாக ஆக, விதிகளும் பெருகின. ஈட்டியின் நீளத்துக்கு ஓர் அட்டவணை, கவசத்தின் கனத்துக்கு ஓர் அட்டவணை என்று நூல்கள் சட்டப் புத்தகங்களைப் போலத் தடித்தன. போட்டிகளில் பரிசு பெறுவது முக்கியமாயிற்று. ஃபெதர்ஸ்டனுக்கு இது உவப்பாக இல்லை. விதி எளிதாக இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தம் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்ப அதை மாற்றிக்கொள்ள வேண்டும், எதிரே இருப்பவர் முதலில் நண்பர், பிறகுதான் எதிரி என்ற கொள்கையிலிருந்து அவர் கடைசிவரை பிறழவில்லை. இவ்விஷயத்தில் நான் அவர் கட்சி. அட்டவணைகளை அமைத்தோரின் உழைப்பும் வீணல்ல. பழங்காலப் படைகளைப் பற்றிப் பல உண்மைகள் அவர்களால் வெளிப்பட்டன. ஆயினும் ஒரு விளையாட்டில் புதியவன் ஒருவன் அரைமணி நேரத்தில் நுழைய முடியாவிட்டால், அது தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டதாகும்.

யுத்தத்தை விளையாட்டாக்குவது தகுமா என்ற கேள்வியை இந்த இடத்தில் தவிர்க்க முடியாது. காந்தியடிகள் பிறந்த நாட்டிலே இதை எழுதுகிறவன் அந்தக் கேள்வியை எழுப்பாமல் விடுவது முறையுமல்ல. நான் எண்ணிப் பார்த்த வரையில், போரை உயர்த்திப் பேசிய பேர்வழிகள் பலர் போரைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். இந்த விளையாட்டின் முன்னோடிகளோ, ஒருவர் யுத்த வெறியை எதிர்த்து எழுதிய வெல்ஸ், மற்றவர் யுத்தத்தில் நின்று திரும்பி, மீதி வாழ்நாளை மனிதருடைய நொந்த அங்கங்களைக் குணப்படுத்துவதில் கழித்த ஃபெதர்ஸ்டன். மேசைமேல் ஒரு குன்றைப் பிடிக்க முயன்று, அணி அணியாகச் சிப்பாய்களை இழந்து, பகடை ஒன்றால் எல்லாம் பாழாவதைக் கண்டவன், பத்திரிகையில் ‘குன்று கைப்பற்றப்பட்டது’ என்ற ஒரு வரியைப் படிக்கும்போது அதன் விலையை நினையாமல் இருக்க மாட்டான். அந்த மேசையில் விழுந்தவர்கள் மறுநாள் மறுபடி எழுந்து நிற்பார்கள் என்பதே விளையாட்டுக்கும் மெய்யான யுத்தத்துக்கும் உள்ள பெரிய பேதம். அதை டாங்கியிலிருந்து இறங்கி வந்தவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அவருடைய சரித்திர நூல்களில் ஒன்று நம் நாட்டையும் தொடுகிறது. 1845-46-இல் சீக்கியர்களுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த முதல் யுத்தத்தைப் பற்றி 1968-இல் ஒரு நூல் எழுதினார். அலிவால், சோப்ராவோன் என்ற போர்க்களங்கள் அதில் வருகின்றன. தளபதிகளின் புகழைவிடச் சாதாரணச் சிப்பாயின் வாழ்க்கையில், அவன் சுமந்த சுமையில், அவன் வாங்கிய சம்பளத்தில் அவருக்கு அக்கறை அதிகம். அதே நூற்றாண்டின் பிரிட்டிஷ் சிப்பாய்களுடைய கதையைச் சொல்லும் மற்றொரு நூலுக்கு, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் என்ற அவர்களுடைய கூலியையே தலைப்பாக வைத்தார்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதியன்று பிரிட்டன் ஜெர்மனிமீது யுத்தப் பிரகடனம் செய்தது. சரியாக எழுபத்து நான்கு வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 3-ஆம் தேதியில் ஃபெதர்ஸ்டன் மறைந்தார். அவருடைய நூல்கள் பல மறுபதிப்பாக வெளிவந்திருக்கின்றன. 1962-ஆம் ஆண்டின் அந்த முதல் நூலும் அவற்றுள் ஒன்று. இந்த விளையாட்டை அறிய விரும்பும் வாசகர் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு மேசை, ஓர் அளவுகோல், இரண்டு பகடை, ஒரு பெட்டிச் சிப்பாய், எதிரே உட்கார ஒரு நண்பர், இவ்வளவு இருந்தால் போதும். நண்பர் அகப்படாவிட்டால், அதற்கும் அவர் ஒரு புத்தகம் எழுதி வைத்திருக்கிறார்.